கறுத்து மெலிந்தால் "வெயில்தான்" என்று இருந்து விடாதீர்கள்! கென்னடியை வாட்டிய நோயாக இருக்கலாம்

நாகர்கோவில்,
"என்னவே, இப்படிக் கறுத்து மெலிஞ்சு போயிட்டீரு?"

வடசேரி சந்தையில் யாராவது இப்படிக் கேட்டால், சிரித்து மழுப்பாமல் டாக்டரைப் பார்ப்பது நல்லது. உள்ளங்கை ரேகையும் ஈறும் கூடக் கறுக்கும். எழுந்தால் தலை சுற்றும். உப்பு உப்பாகத் தின்னத் தோன்றும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்து இருக்கும் அட்ரினல் சுரப்பி பழுதானதன் அடையாளங்கள் இவை. காலையில் எடுக்கும் ரத்தச் சோதனையில் பெரும்பாலும் தெரிந்து விடும்.

1855-ல் லண்டன் டாக்டர் தாமஸ் அடிசன் கண்டு சொன்ன நோய் இது. நம் நாட்டில் காசநோயாலும் வருகிறது.

கென்னடிக்கு 1947-ல் லண்டனில் தெரிந்தது. கப்பலில் ஊர் திரும்பும்போது பாதிரியார் கடைசிச் சடங்கே செய்து விட்டார்! மருந்து காப்பாற்றியது. 1961-ல் ஜனாதிபதி ஆனார்.

மூட்டுவலி, இளைப்புக்குச் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கி, திடீரென நிறுத்துகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். உடம்பு கறுக்காது, அதனால் சந்தேகமும் வராது.

காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி மாத்திரையைக் கூட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் மாத்திரை தங்காது. உடனே ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தாமதமானால் உயிர் போய் விடும்.

நோயின் பெயர் எழுதிய சீட்டு எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். மயங்கிக் கிடப்பவர் வாய் திறந்து சொல்ல முடியுமா?