காரியஸ்தரும் கணக்கும்

சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூரில் இப்போது வாடகை வீடுகள் மலிந்திருக்கின்றன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் உழைப்போர் குடியிருக்கிறார்கள். சொந்தக்காரர்களில் பலர் வெளியூர்வாசிகள். ஆகவே காரியஸ்தர் ஒருவர் ஏற்படுகிறார். மாதந்தோறும் வாடகை வருகிறது. 'ரிப்பேர்ச் செலவு' என்று ஒற்றை வரியும் கூடவே வருகிறது. அந்த வரியைப் பற்றியே நாம் சொல்ல விரும்புகிறோம்.

2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் அமுலிலுள்ள வாடகைச் சட்டம் காரியஸ்தரின் கடமைகளை வகுத்திருக்கிறது: ரசீது கொடுத்து வாடகை வசூலித்தல், அவசியமான ரிப்பேர் செய்தல், அவ்வப்போது வீட்டைப் பார்வையிடுதல். சொந்தக்காரரின் உத்தரவை மீறினால் வாடகை நீதிமன்றம் அவரை நீக்கலாம். நஷ்டத்துக்கு ஈடும் விதிக்கலாம்.

ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின்சாரக் கம்பி வேலை ஆகியவை சொந்தக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு முதலியவை குடித்தனக்காரர் பொறுப்பு. இந்தப் பாகுபாட்டை அறிந்தவரிடம் ஒற்றை வரிக் கணக்கு செல்லாது.

வருமான வரியிலோ, நகராட்சி வரி போக மீதி வாடகையில் நூற்றுக்கு 30 கழிவு உண்டு. செலவு கூடினாலும் கழிவு கூடாது. மிகைச் செலவு முழுவதும் நம் மடியிலிருந்தே போகிறது. பிறகு வாடகை உயர்வாகக் குடித்தனக்காரர் தலையில் விடிகிறது.

ஆகவே, குறித்த தொகைக்கு மேற்பட்ட வேலைக்கு முன்சம்மதம் வேண்டும். ஒவ்வொரு செலவுக்கும் கடைப் பில் வேண்டும். வருஷம் ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்கவேண்டும். கணக்குக் கேட்பது அவமதிப்பாகாது. யோக்கியமான காரியஸ்தருக்கு அதுவே நற்சாட்சிப் பத்திரம்.