கூரை வேலையை உதவித்தொகையுடன் கற்க முடியுமா? தொழிற்பழகுநர் சட்டம் கூறுவது என்ன?

புது தில்லி: கூரைத் தகடு பொருத்துதல், ஓடு வேய்தல், மொட்டைமாடியில் நீர்க்கசிவைத் தடுத்தல் போன்ற வேலைகளை நாட்டில் பலரும் மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்ந்தே கற்கின்றனர். அவர்களுக்கு நாள்கூலி கிடைக்கிறது. எழுத்துமூலமான ஒப்பந்தம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. உயரத்திலிருந்து தவறி விழ நேர்ந்தால், யாரிடம் வேலை செய்தோம் என்பதை மெய்ப்பிப்பதே அவர்களுக்குக் கடினமாகிவிடும். இதே தொழிலை, 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் உதவித்தொகை பெற்றுக்கொண்டே கற்கவும் வழி உள்ளது.

எவ்வாறு சாத்தியம்?

இச்சட்டத்தில் 2014ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், 'விருப்பத் தொழிற்பிரிவு' என்பதை அறிமுகப்படுத்தியது. அரசு அறிவித்துள்ள தொழில்கள் மட்டுமன்றி, நிறுவனம் தானே தீர்மானிக்கும் தொழிலிலும் பழகுநர்களுக்குப் பயிற்சி அளிக்கலாம். கூரை அமைப்பையும் இவ்வகையில் கற்பிக்க இயலும். பயிற்சிக் காலம் 6 முதல் 36 மாதங்கள் வரை இருக்கலாம். குறைந்தபட்ச வயது 14. எனினும், அபாயகரமான தொழில்கள் சார்ந்த பிரிவுகளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

உதவித்தொகை எவ்வளவு?

2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட விதிகளின்படி, 5 முதல் 9ஆம் வகுப்பு வரை படித்தவருக்கு மாதம் குறைந்தது ரூ.5,000, 10ஆம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவருக்கு ரூ.6,000, 12ஆம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவருக்கு ரூ.7,000, பட்டதாரிக்கு ரூ.9,000 வழங்கப்பட வேண்டும். இரண்டாம் ஆண்டில் இத்தொகை 10 சதவீதம் உயரும். ரூ.5,000 - ரூ.9,000 என்ற வரம்பை ரூ.6,800 - ரூ.12,300 ஆக உயர்த்த மத்தியத் தொழிற்பழகுநர் குழு 2025 மே மாதம் பரிந்துரைத்தது. தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்கீழ், உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் ரூ.1,500 என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, மத்திய அரசு ஏற்கிறது.

கூரை வேலையில் சதுர அடிக் கணக்கில் கூலி பேசுவது வழக்கம். பழகுநருக்கு அவ்வாறு வழங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. வேலையின் அளவைக் கொண்டு உதவித்தொகையைக் கணக்கிடக் கூடாது. அவசரமின்றி, சரியான முறையைப் பழகுவதற்கு இது வாய்ப்பளிக்கிறது.

கற்க வேண்டியவை எவை?

மழைக்காற்று வீசும் திசைக்கு எதிர்முனையிலிருந்து தகடுகளை அடுக்கத் தொடங்க வேண்டும். இல்லையெனில், மேற்பொருத்தின் இடைவெளி வழியாகக் காற்று மழைநீரை உள்ளே தள்ளும். நெளி தகடுகளில் திருகுக்கான துளையை மேட்டில் இட வேண்டும். பள்ளத்தில் இட்டால் ஒழுகும். சிமெண்ட் தகட்டைக் குத்தித் துளையிட்டால் விரிசல் விழும் என்பதால், துளைப்பானையே பயன்படுத்த வேண்டும். அத்தகட்டின் மீது நேரடியாகக் கால் வைப்பது உயிருக்கே ஆபத்து. சட்டங்களின் மீது பலகை இட்டு, அதன்மேல் நடப்பதே முறை.

விபத்து நேர்ந்தால்?

சட்டப்படி பழகுநர் ஒரு பயிற்சியாளரே, தொழிலாளர் அல்லர். ஆயினும், பயிற்சியின்போதும் பயிற்சியின் காரணமாகவும் ஏற்படும் காயத்திற்கு இழப்பீடு வழங்கும் பொறுப்பை 16ஆவது பிரிவு நிறுவனத்தின் மீது சுமத்துகிறது. அந்த உரிமையைக் கோருவதற்குப் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தமே முதன்மையான சான்று.

வரம்புகள்

30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள், அவர்களின் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்ப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் கொண்ட நிறுவனங்களுக்கு அது விருப்பத்தைப் பொறுத்தது. கூரை வேலையோ பெரும்பாலும் சிறு ஒப்பந்ததாரர்களின் கையில் உள்ளது. எனவே, சட்டத்தின் கட்டாயம் அவர்களில் பலரை எட்டுவதில்லை. பயிற்சி முடித்தவருக்கு வேலை வழங்க வேண்டும் என்ற பொதுவான கட்டாயமும் இல்லை.

சேருமுன் கவனிக்க வேண்டியவை

ஒப்பந்தம் அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் பதிவாகியுள்ளதா, பயிற்சிக் காலமும் மாத உதவித்தொகையும் அதில் குறிப்பிடப்பட்டுள்ளனவா என்பதை விண்ணப்பதாரர் உறுதிசெய்ய வேண்டும். பாதுகாப்புக் கச்சையும் தலைக்கவசமும் வழங்கப்படுமா என்பதை முதல் நாளிலேயே கேட்டறிவது நல்லது. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகலை வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும். விபத்து நேர்ந்தால், அதைத் தேடப்போவது குடும்பத்தினரே.