உப்பு நீர் நீச்சல் குளம்: உப்பு போட்டா மட்டும் போதுமா?

பாசிர் பெனம்பாங் பக்கம் போனா, சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்குறதைப் பார்க்கலாம். "இவ்வளவு உப்புத் தண்ணி இருக்கே, நீச்சல் குளத்துல இதையே நிரப்பிடலாமே?" என்று உங்களுக்குத் தோன்றலாம். முடியாது. ஆற்றுமுகத் தண்ணீரில் சேறும் கிருமிகளும் உண்டு. கடல் ஏறி இறங்கும்போது அதன் உப்பளவும் மாறிக்கொண்டே இருக்கும். 'உப்பு நீர்க் குளம்' என்பது வேறு.

அப்போ அது என்ன?

சாதாரணக் குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்பைக் கரைப்பார்கள். கடல் நீரில் இது சுமார் 35 கிராம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழமுள்ள குளத்துக்கு ஏறக்குறைய 150 கிலோ உப்பு வேண்டும்.

அதில் குளோரின் இல்லையா?

இருக்கு. பலரும் தப்பா நினைக்கிறது இதைத்தான். உப்பு என்பது சோடியம் குளோரைடு. பம்ப் தள்ளும் நீர் 'செல்' என்ற கருவி வழியாகப் போகும்போது, மின்சாரம் அந்த உப்பிலிருந்து குளோரினை உண்டாக்குகிறது. கிருமிகளைக் கொன்றபின் அது பெரும்பாலும் மறுபடி உப்பாகிவிடும். பம்ப் நின்றால் குளோரின் உற்பத்தியும் நின்றுவிடும்.

மழை பெய்தால்?

வெயிலில் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு ஆகாது. ஆனால் குளம் நிரம்பி வழிந்தால் உப்பும் கூடவே போய்விடும். 100 மில்லிமீட்டர் மழை, மேலே சொன்ன குளத்தில் 3,200 லிட்டரைச் சேர்க்கும். அந்த அளவு வழிந்தோடினால் 10 கிலோ வரை உப்பு போயிடும். பெரிய மழைக்குப் பிறகு முதலில் அளந்து பாருங்க, அப்புறம் உப்பு போடுங்க.

எதையெல்லாம் கவனிக்கணும்?

வாரம் இரண்டு முறையாவது டெஸ்ட் கிட் வைத்துப் பாருங்க. குளோரின் 1 முதல் 3 பிபிஎம், பிஎச் 7.2 முதல் 7.8 வரை இருக்கணும். உப்பு நீர்க் குளத்தில் பிஎச் தானாகவே ஏறும். ஏறினால் குளோரினின் வீரியம் குறையும், செல்லின் தகடுகளில் சுண்ணாம்பும் படியும். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை செல்லைக் கழற்றிப் பார்க்கணும். பிஎச்சைக் குறைக்கும் அமிலத்தையும் குளோரின் தூளையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீங்க. அதிலிருந்து கிளம்பும் வாயு நுரையீரலைத் தாக்கும்.

பழைய தண்ணீரை எங்கே விடுவது?

நேரா கால்வாயில் விடாதீங்க. குளோரின் மீன்களைக் கொல்லும். அந்தக் கால்வாய் போய்ச் சேரும் ஆற்றங்கரையில்தான் கம்போங் குவாந்தான் மின்மினிகள் வாழும் பெரெம்பாங் மரங்களும் இருக்கின்றன. செல்லை நிறுத்தி, குளோரின் பூஜ்ஜியமாகும் வரை காத்திருங்க. உப்பு அப்போதும் நீரில் இருக்கும் என்பதால், எங்கே வெளியேற்றலாம் என்று நகராண்மைக் கழகத்திடம் கேளுங்க.

அடுத்த முறை குளம் உள்ள ஹோம்ஸ்டேக்குப் போனால், பிள்ளைகளை இறக்கும் முன் ஒன்றே ஒன்று கேளுங்க: "இன்னைக்கு குளோரின் எவ்வளவு?" தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருந்தாலும், கிருமி கண்ணுக்குத் தெரியாது.