காலிக் கோட்டை: ஒல்லாந்தச் சுவருக்குள் நம்மவர் வீடுகள்

மீரான் ஜும்ஆப் பள்ளியை முதன்முதலாகப் பார்க்கிற உல்லாசப் பிரயாணிகளில் பலர் "இது சேர்ச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்பதில் பிழையில்லை. காலிக் கோட்டையின் வெளிச்சவீட்டுக்கு எதிரே வெள்ளைவெளேரென்று நிற்கும் அந்தக் கட்டடத்துக்கு இரு பக்கமும் கோபுரம், நடுவில் உயர்ந்த முகப்பு. நம்மவர்களே வெளியூரிலிருந்து வந்தால் வாசலில் சற்றுத் தயங்குவார்கள். பிறையைக் கண்ட பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்கள்.

ஏன் இப்படி ஒரு பள்ளி? கோட்டையை ஒருமுறை நடந்து பார்த்தால் விளங்கும்.

பஸ் நிலையத்தால் வருகிறவர்கள் நுழைவது புது வாசலால். புதிது என்றாலும் அது ஆங்கிலேயர் 1873இல் திறந்தது. பழைய வாசல் துறைமுகப் பக்கம் இருக்கிறது. அதைத்தான் நின்று பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் பிரித்தானிய முடியின் இலச்சினை. உள்ளே வந்து திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரை: இரண்டு சிங்கம், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் காலியைப் பிடித்தது 1640இல், ஆங்கிலேயர் கைக்கு வந்தது 1796இல். மூன்று ஆட்சியின் கதையில் பாதியை அந்த ஒரு வாசலே சொல்லிவிடும்.

அங்கிருந்து சேர்ச் வீதிப் பக்கம் ஏறினால் 1755இல் கட்டிய ஒல்லாந்தத் தேவாலயம், தரையெல்லாம் கல்லறைக் கற்கள். பக்கத்திலே பழைய நியூ ஓரியண்டல் ஹோட்டல். வழிகாட்டிகள் இவற்றை நன்றாகவே விளக்குவார்கள். நான் சொல்ல வந்தது அவர்கள் இரண்டு வசனத்தில் கடந்துபோகும் சங்கதியை.

காலியோடு முஸ்லிம்களின் தொடர்பு கோட்டைக்கு மூத்தது. 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா, காலி என்ற சிறு பட்டினத்தில் இப்ராஹீம் என்ற முஸ்லிம் மாலுமித் தலைவர் தன்னை உபசரித்ததாக எழுதியிருக்கிறார். 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்த கல்வெட்டு, சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது. 1409ஆம் ஆண்டு பொறித்த அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. இன்று கொழும்பு நூதனசாலையில் யாரும் பார்க்கலாம்.

ஒல்லாந்தர் சோனகரை வியாபாரப் போட்டியாளராகவே பார்த்தார்கள். ஊழிய வரியும் போட்டார்கள். அப்படியிருந்தும் அவர்களுடைய கோட்டைக்குள்ளேயே ஒரு தெருவுக்குச் சோனக வியாபாரிகளின் பெயர் இருந்தது: மூர்ஸ் கிராமர் ஸ்ட்ராட். அதுதான் இன்றைய பெட்லர் வீதி. ஆங்கிலப் பெயரில் வியாபாரி மிஞ்சினார், சோனகர் விடுபட்டார்.

கோட்டை வீடுகள் பெருமளவில் நம்மவர் கைக்கு வந்தது அதற்கும் பிறகு. காரணம் துறைமுகம். நீராவிக் கப்பல்கள் காலியில் தரித்த காலத்தில், இறங்குகிற பிரயாணிகளுக்கு மாணிக்கம் விற்று நம்மவர்கள் முன்னுக்கு வந்தார்கள். மாக்கான் மாக்கார் குடும்பத்தின் மாணிக்க வியாபாரம் 1860இல் தொடங்கியது காலியில்தான். பின்பு கொழும்பில் அலைதடுப்புச் சுவர் எழுந்தது. 1875இல் அடிக்கல், 1885இல் வேலை முடிவு. கப்பல்கள் கொழும்புக்குப் போயின. பறங்கியர் குடும்பங்களும் மெல்ல மெல்ல வெளியேறின. அவர்கள் விற்ற வீடுகளில் கணிசமானவற்றை முஸ்லிம்கள் வாங்கினார்கள். 1892இல் கோட்டைக்குள் பஹ்ஜதுல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரி தொடங்கியது, இங்கே ஒரு சமூகம் வேரூன்றிவிட்டது என்பதற்குப் போதுமான சாட்சி.

அந்த வீடுகள் நம்மவர் வாழ்க்கைக்கு நன்றாகவே பொருந்தின. தெருவை ஒட்டி மரத்தூண் வைத்த இஸ்தோப்பு. வந்தவரை அங்கேயே இருத்தி வியாபாரம் பேசலாம். உள்ளே போனால் நடுமுற்றம், கிணறு. பெண்களுக்குத் தெருவின் பார்வை படாத காற்றும் வெளிச்சமும். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர், வெயிலை உள்ளே விடாது. இஸ்தோப்பு ஒல்லாந்தச் சொல். அங்கே போடும் கதிரை போர்த்துக்கேயச் சொல். அதில் இருந்து ஓதியது குர்ஆன்.

இனி மீரான் பள்ளிக்கு வருவோம். அதன் இன்றைய உருவம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதாவது ஒல்லாந்தர் போய் நூறு வருஷத்துக்குப் பிறகு, நம்மவர்கள் தங்கள் காசில், தங்கள் விருப்பத்தில் கட்டியது. யாரும் திணித்ததல்ல. தொழுகைக்குக் கிப்லா கட்டாயம், குப்பா கட்டாயமில்லை. கேரளத்தில் ஓட்டுக்கூரைப் பள்ளிகள் உண்டு, சீனத்தில் அந்நாட்டுக் கூரையோடு பள்ளிகள் உண்டு. காலி மேசன்மாருக்குத் தெரிந்த அழகு இது, அதைக் கொண்டு கட்டினார்கள். இதை இடித்துவிட்டு அரபு நாட்டுப் பாணியில் கட்டவேண்டும் என்று எங்காவது ஒருவர் சொல்லக் கேட்டால் எனக்கு வயிறு எரியும்.

பள்ளிக்கு ஆபத்தில்லை, 1988இல் கோட்டை முழுவதும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. 2004 சுனாமியிலும் சுவர்தான் உள்ளே இருந்தவர்களைக் காத்தது. வெளியே பஸ் நிலையம் சிதைந்துபோனது. கவலை வீடுகளைப் பற்றியது. இந்த நூற்றாண்டு பிறந்ததிலிருந்து வெளிநாட்டவரும் கொழும்புப் பணக்காரரும் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். சில வீடுகள் விடுதியாகின்றன, சில கோப்பிக்கடையாகின்றன. விற்றவர்களைக் குறைசொல்லவும் முடியாது. ஐந்தாறு வாரிசுக்குச் சொந்தமான வீட்டை, மரபுரிமைச் சட்டத்துக்கு அமைய ஓடு மாற்றி, மரம் மாற்றிப் பராமரிப்பது லேசான காரியமா? பங்கைப் பிரித்துக்கொண்டு தலாப்பிட்டிய, கட்டுகொட என்று போய்விடுகிறார்கள்.

வீடு கைமாறும்போது கூடவே போவது பெட்டகத்துக் காகிதங்கள். பழைய உறுதிகள், கல்யாணப் பத்திரங்கள், அரபுத்தமிழில் எழுதிய கடிதங்கள், மாணிக்கக் கணக்குப் புத்தகங்கள். புது உரிமையாளருக்கு அவை குப்பை. விளம்பரத்தில் "ஒல்லாந்தர் கால வீடு" என்று வரும். இடைப்பட்ட நூறு வருஷம் அங்கே பிறந்து அங்கேயே மௌத்தானவர்கள் அதில் வரமாட்டார்கள். சுவரைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது. பெட்டகத்துக்கு யார் இருக்கிறார்?

போகிறவர்கள் பிற்பகலில் போங்கள், வெயில் தாழ்ந்திருக்கும். அஸரை மீரான் பள்ளியில் தொழுதுவிட்டுப் பெட்லர் வீதியால் நடந்து வாருங்கள். இஸ்தோப்பில் வயதான ஒருவர் இருந்தால் ஸலாம் சொல்லி, "இந்த ஊடு உங்கட கைக்கு எப்ப வந்த?" என்று கேட்டுப் பாருங்கள். உறுதியை எடுத்துக் காட்டினால் வருஷத்தையும், விற்றவர் பெயரையும், வாங்கியவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கடிதம் ஏதும் இருந்தால், அனுமதி கேட்டு ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.