காவல் கோபுரத்திலிருந்து என்ன தெரிந்தது?

‘அங்கே வேலை பார்த்தது உண்மை. உள்ளே நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது.’ ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் காவல் நின்றவர்கள் பலர் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த பதில் இது. பொய் என்று எப்படி நிரூபிப்பது? சாட்சிகளில் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். குற்றம் நடந்த இடமே பாதி இல்லை. முகாமின் பிர்க்கெனா பகுதியில் எஞ்சியிருந்த எரியூட்டும் கூடங்களை 1945 ஜனவரியில் நாஜிகளே வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். மரக் கொட்டடிகள் பல இருந்த இடத்தில் இன்று செங்கல் புகைபோக்கிகள்தான் வரிசையாக நிற்கின்றன.

அந்த முகாமைக் கணினிக்குள் மறுபடி எழுப்பியது, ம்யூனிக்கில் உள்ள பவேரிய மாநிலக் குற்றப் புலனாய்வுத் துறையின் ரால்ஃப் பிரேக்கர் குழு. நிற்கும் கட்டடங்களை லேசர் ஸ்கேனரால் அளந்தார்கள். இடிந்தவற்றுக்கு நாஜிகள் போட்டுவைத்திருந்த கட்டட வரைபடங்களும் பழைய புகைப்படங்களும் கைகொடுத்தன. மெய்நிகர் கருவியைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் முகாமுக்குள் நடக்கலாம். காவல் கோபுரத்தில் ஏறி நின்று பார்க்கலாம்.

இதில் என்னை அசத்தியது மரங்கள்தான். அன்று மரங்கள் எங்கெங்கே நின்றன என்று தேடி, மாதிரியிலும் அங்கேயே வைத்தார்கள். கோபுரத்துக்கும் எரியூட்டும் கூடத்துக்கும் நடுவே ஒரு மரம் நின்றிருந்தால் பார்வை மறைந்திருக்கும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அது சாதகம். இல்லாத மரத்தை வைத்தாலும் தப்பு, இருந்த மரத்தை விட்டாலும் தப்பு. கொலைக்கு உடந்தை என்ற வழக்கில் கேள்வியே, தெரிந்துதான் செய்தாரா என்பது.

ஆபத்தும் இங்கேதான். கருவியை மாட்டிய ஐந்தாவது நிமிடத்தில், தானே போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். வரைந்தவர் ஊகத்தில் வைத்த சன்னலும் நீதிபதி மனசில் நிஜச் சன்னலாகப் பதிந்துவிடும். ‘இது எந்த ஆவணத்தில் இருக்கிறது?’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டும், பதிலும் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அது சினிமா.

2016இல் ஜெர்மனியின் டெட்மோல்ட் நீதிமன்றத்தில், முன்னாள் காவலர் ரைன்ஹோல்ட் ஹானிங் மீதான வழக்கில் இந்தக் கணினி மாதிரி பயன்பட்டது. நடந்தது தெரியும் என்று கடைசியில் அவரே ஒப்புக்கொண்டார், வெட்கப்படுவதாகவும் சொன்னார். குறைந்தது 1,70,000 பேரின் கொலைக்கு உடந்தையாக இருந்ததற்காக, அந்த ஜூனில் அவருக்கு 5 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு முடியும் முன்பே, 2017இல் 95 வயதில் இறந்துபோனார். தண்டனையில் ஒரு நாள்கூட அவர் அனுபவிக்கவில்லை.