எழுதுவதற்கு முன் சற்று அமருங்கள்

நெடுநாள் சிகிச்சையில் இருப்போரிடமும் அவர்களைப் பராமரிப்போரிடமும், மனத்தில் உள்ளதை எழுதிப் பார்க்குமாறு நாங்கள் கூறுவதுண்டு. பலர் வெற்றுத்தாளின் முன் திகைத்துவிடுகின்றனர். கவலை நிறைந்த மனம் உடனே சொல்லைத் தராது. முதலில் அது அமைதியடைய வேண்டும்.

பனமலை ஏரிக்கரை அதற்கு ஏற்ற இடம். குன்றின்மேல் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் உள்ளது. ஏறக்குறைய 1,300 ஆண்டுகளாகியும் முற்றும் அழியாத உமையின் ஓவியமும் அங்குண்டு. மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ உள்ளவர்கள் குன்றேற வேண்டா, கரையே போதும். படுக்கையில் இருப்போர்க்குச் சன்னலோர மரம் போதும். பத்து நிமிடம் மூச்சின் போக்கைக் கவனியுங்கள். மனம் பரிசோதனை முடிவுகளை நோக்கி ஓடும். கடிந்துகொள்ளாமல் காற்றின் ஒலிக்குத் திருப்புங்கள். பின்னர், கண்ட ஒன்றை மட்டும் எழுதுங்கள். நீரில் நிற்கும் கொக்கு ஆயினும் சரி. சொல்லத் தயங்கிய அச்சம் அதன்பின் மெல்ல வரக்கூடும்.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தம் துயரங்களை 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினர். எழுதியவுடன் சோர்வு கூடியது. பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாடுவது குறைந்தது. இது மருந்துக்கு மாற்றன்று. எழுதிய அன்று கண் கலங்கினால் அஞ்ச வேண்டா. கலக்கம் நாட்கணக்கில் நீடித்தாலோ உறக்கம் கெட்டாலோ, எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களிடம் தெரிவியுங்கள்.