கணக்குத் தீர்த்தது யாருக்கு?

நாளைய சந்தையைச் செயற்கை அறிவு இன்றே சொல்லிவிடுமாம், முழங்குகிறார்கள் முதலாளிமார்! சொல்லட்டும். பலித்ததா என்பதல்லவா கேள்வி?

அமெரிக்காவிலே ஜில்லோ என்றொரு நிறுவனம். வீடுகளை வாங்கி, செப்பனிட்டு, சில மாதங்களில் விற்பது 2018 முதல் அதன் புதுத்தொழில். அப்போது என்ன விலை போகும்? கணிப்பொறி சொன்னது; நம்பி ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தார்கள். 2021ல் விலையேற்றத்தின் வேகம் தணிந்தது. கணிப்பொறிக்கு அது எட்டவில்லை. அது படித்ததெல்லாம் பழைய கணக்கேடுதானே! விற்கக்கூடிய விலைக்கு மேல் கொடுத்து வாங்கிவிட்டார்கள். மூன்றே மாதக் கணக்கில், கையிலிருந்த வீடுகளின் மதிப்பை 30 கோடி டாலருக்கு மேல் குறைத்தெழுத நேர்ந்தது. நவம்பரில், அத்தொழிலையே மூடுவதாக அறிவித்தார்கள்.

கணிப்பொறியே வேண்டாம் என்போமா? இல்லை. மாதாமாதம் எத்தனை பெட்டி சோப்பு விற்கும் என்று கேளுங்கள், ஓரளவு சரியாகவே சொல்லும். நேற்றைப்போல் நாளை இருக்கும்வரை அது கெட்டிக்காரப் பிள்ளை. காற்று திசைமாறும்போதும் அதன் பேச்சைக் கேட்டுப் பணப்பெட்டியைத் திறந்தது யார்? மனிதர்கள்தானே! அதே தொழில் நடத்திய ஓப்பன்டோர் அன்று கடையை மூடவில்லையே!

தோழர்களே, தவறியது பொறியின் கணக்கு, நம்பியது மேலிடம். கணக்குத் தீர்த்து அனுப்பப்பட்டதோ ஊழியரில் ஏறத்தாழ நாலில் ஒருவர். தலைமை அதிகாரி ரிச் பார்ட்டன் 2024 வரை அதே நாற்காலியில் இருந்தார்.